ஜூபிலி மண்டபம்

டென்னஸி மாகாணத்தின் தலைநகராகிய நாஷ்வில் பட்டணத்துக்குச் 'சங்கீத நகரம்' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. அந்த ஊரின் பிராட்வே வீதியில் மாலை வேளையில் நடந்து செல்பவர் எவரும் அந்தப் பெயர் பொருத்தமா என்று சந்தேகிக்க மாட்டார். வீதியின் இரு மருங்கிலும் கடைக்குக் கடை கிடார் ஒலி. ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு காதில் வந்து மோதுகிறது. அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த வாலிபர்கள் காதலியைப் பிரிந்த துயரத்தை உற்சாகமாகப் பாடுகிறார்கள். நாமும் அரை மணி நேரம் நின்று கேட்டோம். நன்றாகவே இருந்தது. ஆயினும் நாம் நாஷ்வில்லுக்குப் போனது இந்தப் பாட்டைக் கேட்பதற்காக அன்று.

அந்தப் பட்டப் பெயரைப் பற்றி ஓர் ஐதிகம் வழங்குகிறது. 1873-ஆம் வருஷம் அந்த ஊரிலிருந்து இங்கிலாந்து சென்ற சில கறுப்பு வாலிபர்களும் பெண்களும் விக்டோரியா ராணியின் முன்னிலையில் பாடினார்கள். பாட்டைக் கேட்டு மனம் உருகிய ராணி, "நீங்கள் சங்கீத நகரத்திலிருந்தல்லவா வந்திருக்க வேண்டும்!" என்றாளாம். ஐதிகத்துக்குச் சாட்சி கேட்பது நாகரிகம் அன்று. ஆகையால் நாமும் கேட்கவில்லை. ஆனால் பாடியது நிஜம். பாடியவர்கள் படித்த கலாசாலை இன்றும் இருப்பது நிஜம். அதைத்தான் பார்க்கப் புறப்பட்டோம்.

பட்டணத்தின் மையத்திலிருந்து வடமேற்கே இரண்டு மைல் தூரம் இருக்கும். வழியில் ஜெபர்ஸன் தெரு வருகிறது. ஒரு காலத்தில் கறுப்பு மக்களின் கடைகளும், உணவு விடுதிகளும், இரவெல்லாம் சங்கீதம் முழங்கிய அரங்குகளும் நிறைந்து விளங்கிய தெரு இது. 1960-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அரசாங்கத்தார் ஒரு பெரிய மோட்டார் சாலையை இந்தப் பேட்டையின் நடுவே வெட்டிக்கொண்டு போனார்கள். நூற்றுக் கணக்கான வீடுகளும் கடைகளும் மறைந்தன. ஒரு நாட்டில் சாலை போட வேண்டுமென்றால் ஏழைகளின் பேட்டை எப்போதும் சாலைக்கு நேர் வழியில் இருப்பது எப்படியோ தெரியவில்லை! அந்தச் சாலையின் இரைச்சலைத் தாண்டிச் சென்றால் மேட்டின் மேல் செங்கல் கோபுரங்களுடன் ஒரு மாளிகை தெரிகிறது. அதுதான் பிஸ்க் சர்வகலாசாலையின் ஜூபிலி மண்டபம்.

ஆறு அடுக்குக் கட்டிடம். தென் அமெரிக்க மாகாணங்களில் கறுப்பு மாணவர்களின் கல்விக்கென்றே எழுந்த முதல் நிரந்தரக் கட்டிடம் இதுவே. 1876-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி இதன் திறப்பு விழா நடந்தது. சாதாரணமாகக் கலாசாலைக் கட்டிடங்களைத் தனவந்தர்களின் நன்கொடையில் கட்டுவார்கள். இந்த மாளிகையைக் கட்டியது பாட்டு. அதுவும் எப்பேர்ப்பட்ட பாட்டு! பாடியவர்களே முதலில் வெளியில் பாட வெட்கப்பட்ட பாட்டு.

அந்தக் கதையைச் சற்று ஆதியிலிருந்து சொல்ல வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-இல் முடிந்தது. அடிமைகளாயிருந்த நாற்பது லக்ஷம் பேர் விடுதலை அடைந்தார்கள். விடுதலை வந்ததே தவிர, கையில் நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை. அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது தென் மாகாணங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றமாக இருந்தது. 1866 ஜனவரியில் நாஷ்வில்லில், ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்து கைவிடப்பட்ட மரக் கொட்டகைகளில், கிறிஸ்தவ மிஷன் சங்கத்தார் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அடிமைகளை விற்ற பட்டியில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பாக விற்று, அந்தப் பணத்தில் எழுத்துப் புத்தகங்களும் பைபிளும் வாங்கினார்கள் என்று அந்தப் பள்ளியின் சரித்திரம் கூறுகிறது. இந்த ஒரு சம்பவத்தைக் கேட்டபோது நாம் சிறிது நேரம் வேறு எதுவும் பேசத் தோன்றாமல் இருந்தோம்.

ஐந்து வருஷத்துக்குள் கொட்டகைகள் இற்றுப் போயின. கடன் கழுத்தை நெரித்தது. பள்ளியை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது பொக்கிஷதாரராகவும் பாட்டு வாத்தியாராகவும் இருந்தவர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளைக்காரர். கருமான் மகன், பெரிய சங்கீதப் படிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் நல்ல காது. ஒன்பது மாணவ மாணவிகளை அழைத்துக்கொண்டு வட மாகாணங்களுக்குச் சென்று கச்சேரி செய்து பணம் சேர்ப்பது என்று அவர் தீர்மானித்தார். 1871 அக்டோபர் 6-ஆம் தேதி புறப்பட்டார்கள். ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

அந்தக் கோஷ்டிக்கு உயிர் நாடியாக இருந்தவள் எல்லா ஷெப்பர்ட் என்னும் பெண். இவளைக் குழந்தையாயிருக்கையிலேயே இவளுடைய தகப்பனார் 350 டாலர் கொடுத்து எஜமானியிடமிருந்து விலைக்கு வாங்கி மீட்டார். மனைவியையும் மீட்க அவரிடம் பணம் இருந்தது; எஜமானி விற்க மறுத்துவிட்டாள். தாயும் மகளும் யுத்தம் முடிந்த பிறகே ஒன்று சேர முடிந்தது. தகப்பனார் காலமான பிறகு எல்லா பிழைப்புக்காகப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளி ஆசிரியை வேலை பார்த்து மிச்சம் பிடித்த ஆறு டாலரை எடுத்துக்கொண்டு பிஸ்க் கலாசாலைக்கு வந்து சேர்ந்தாள். பியானோ வாசிப்பது, ஒத்திகை நடத்துவது, பாட்டை ஸ்வரப்படுத்தி எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு.

முதலில் அவர்கள் பாடியது அக்காலத்து வெள்ளைக்காரர்களின் நாகரிகப் பாட்டுகளை. சபையோர் மரியாதையாகக் கேட்டார்கள். தட்டில் காசு விழவில்லை. அடிமைகளின் பாட்டுகள் அவர்களுக்குத் தெரியாமலில்லை. தாய்மார்கள் பருத்திக் காட்டிலும், இரவில் குடிசைகளிலும் பாடிய தெய்வப் பாட்டுகள் அவை. அவற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் மெதுவாகப் பாடுவார்கள். மேடையில் பாடுவதோ? அடிமை நாளை யார்தான் நாலு பேர் முன்னிலையில் நினைவு படுத்திக் கொள்வார்கள்? அந்தப் பாட்டுகள் பெற்றோருக்குப் புனிதமானவை, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அல்ல என்ற எண்ணமும் சேர்ந்திருந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பு மக்களைப் பரிகசித்துப் பாடிய வெள்ளைக்காரக் கூத்தாடிகள் ஊருக்கு ஊர் இருந்த காலம் அது என்பதையும் நினைக்க வேண்டும்.

அந்த வருஷம் நவம்பர் மாதத்தில் ஒஹாயோவில் ஓபர்லின் என்னும் ஊரில் பாதிரிமார்களின் மகாசபை கூடியிருந்தது. அங்கே 'ஸ்டீல் அவே' என்னும் பாட்டை மிகத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்கள். பேசிக் கொண்டிருந்த சபை ஓய்ந்தது. அதன் பிறகு கதையே வேறு. கொலம்பஸ் நகரில் ஒயிட் தம் கோஷ்டிக்கு 'ஜூபிலி பாடகர்' என்று பெயர் வைத்தார். அடிமைகள் விடுதலை பெறும் வருஷத்துக்குப் பைபிளில் வழங்கும் பெயர் அது. 1872-இல் ஜனாதிபதி கிராண்டின் முன்னிலையில் பாடினார்கள். ஜனாதிபதி மாளிகையில் பாடியவர்களுக்குச் சத்திரங்களில் மட்டும் இடம் கிடைக்கவில்லை! குளிரில் வீதியில் நின்ற நாட்களும் உண்டு. முதல் யாத்திரையில் 20,000 டாலர் சேர்ந்தது. அதைக் கொண்டு வாங்கிய நிலத்தில், மேலும் பாடிச் சேர்த்த பணத்தைக் கொண்டு எழும்பியதுதான் இந்த மண்டபம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டோம். யாத்திரையின் ஆரம்பத்தில், சின்சினாட்டியில் முதன் முதலாகக் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையை, அதே வாரத்தில் தீப்பற்றி எரிந்த சிகாகோ நகரத்து ஜனங்களுக்கு அப்படியே கொடுத்துவிட்டார்கள். தங்கள் சாப்பாட்டுக்கே வழியில்லாத சமயத்தில் செய்த காரியம் இது.

மண்டபத்துக்குள் நுழைந்தால் ஓர் அறையில் சுவரை அடைத்தாற்போல் ஒரு பெரிய வர்ணப் படம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹேவல் என்னும் சித்திரக்காரர் 1873-இல் எழுதிய ஜூபிலி பாடகர் படம். வழுவழுப்பான உடையும் கம்பீரமான பார்வையுமாக நிற்கிறார்கள். பியானோ அருகில் எல்லா ஷெப்பர்ட். படத்திலிருப்பவர்களில் எவரும் சிரிக்கவில்லை.

பாட்டைக் காப்பாற்றிய கதை இத்துடன் முடிந்தது என்று நினைத்தால் அது தவறு. உலகப் புகழ் அடைந்த பாட்டையும் ஊரார் மறக்கக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் படித்த கறுப்பு இளைஞர்களில் பலருக்கு மீண்டும் பழைய வெட்கம் தலையெடுத்தது. அப்போது இந்தப் பாட்டுகளைத் தேடி எழுதுவதையே வேலையாகக் கொண்டது ஒரு குடும்பம். தகப்பனார் ஜான் வெஸ்லி வொர்க் இந்தக் கலாசாலையில் லத்தீனும் சரித்திரமும் கற்பித்தவர். பகலில் வர்ஜிலின் காவியம். மற்ற நேரமெல்லாம் பருத்திக் காட்டுப் பாட்டு. 1901-இல் தம் சகோதரருடன் சேர்ந்து பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். 1909-இல் நால்வர் கோஷ்டியாகக் கிராமபோன் தட்டில் பாடினார். அவருடைய மனைவியும் பாடகர்களைப் பழக்கியவள்.

இவர்களுடைய புதல்வர் மூன்றாவது ஜான் வொர்க். நாம் நாஷ்வில்லுக்கு வந்ததன் முக்கிய நோக்கம் இவர் நடமாடிய இடத்தைப் பார்ப்பதுதான். 1901-இல் பிறந்து, இதே கலாசாலையில் படித்து, நியூயார்க்கிலும் யேல் சர்வகலாசாலையிலும் சங்கீதம் பயின்று, 1927 முதல் 1966 வரையில் இங்கேயே ஆசிரியராக இருந்தார். முப்பத்தொன்பது வருஷம்! ஐரோப்பிய சங்கீத முறையில் தேர்ந்தவர்; சொந்தமாக இசை இயற்றியவர். விரும்பியிருந்தால் பெரிய நகரத்தில் மேடை ஏறிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ விடுமுறை வந்தால் காகிதமும் பென்சிலுமாகக் கிராமத்து மாதா கோவில்களைத் தேடிப் போனார்.

தெய்வப் பாட்டை மட்டும் அவர் சேகரிக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. சாராயக் கடையில் பாடும் புளூஸ் பாட்டு, ரயில் பாதை போடும் கூலியாட்களின் பாட்டு, தெரு முனையில் பாஞ்சோ வாசிக்கும் கிழவரின் பாட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இதெல்லாம் ஒரு சங்கீதமா என்று முகம் சுளித்த கனவான்கள் இருந்த காலம் அது. 1940-இல் அவர் வெளியிட்ட 'அமெரிக்கன் நீக்ரோ ஸாங்ஸ்' என்ற புத்தகத்தில் 230 பாட்டுகள் இருக்கின்றன. பக்திப் பாட்டும் உலகியல் பாட்டும் பந்தி பேதம் இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

1938-இல் அவர் அலபாமா மாகாணத்தில் ஓஸார்க் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே கறுப்புக் குடியானவர்கள் வடிவ ஸ்வரம் பாடுகிறார்கள். ஸ்வரத்தைக் கோட்டின் மேல் எழுதும்போது அதன் தலைக்கு ஒரு வடிவம் கொடுப்பது இந்த முறை. முக்கோணம் என்றால் 'பா', வட்டம் 'சோல்', சதுரம் 'லா', வைரக்கல் போன்றது 'மி'. நாலு வகுப்பாகப் பிரிந்து நாற்கட்டாக உட்கார்ந்து, நடுவில் ஒருவர் நின்று தாளம் போட, முதலில் ஸ்வரத்தை மட்டும் பாடிவிட்டுப் பிறகுதான் சாகித்யத்தைப் பாடுகிறார்கள். கேட்பதற்கென்று தனியே சபையோர் கிடையாது. வந்தவர் எல்லோரும் பாட வேண்டியதுதான். உழுது களைத்த குடியானவர்கள் ஸ்வரம் பார்த்துப் பாடுவதைக் கண்டு வொர்க் அளவற்ற ஆச்சரியம் அடைந்தார். இதைப் பற்றி ஒரு சங்கீதப் பத்திரிகையில் 1941-இல் கட்டுரை எழுதினார்.

இனி அவருடைய வாழ்க்கையில் நடந்த பெரிய ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

1940 ஏப்ரலில் மிஸிஸிப்பி மாகாணத்து நாட்செஸ் நகரில் ஒரு நடன சாலை தீப்பற்றி இருநூறுக்கு மேற்பட்ட கறுப்பு மக்கள் மாண்டார்கள். இவ்வளவு பெரிய துயரம் நேர்ந்த இடத்தில் ஜனங்கள் நிச்சயம் பாட்டுக் கட்டியிருப்பார்கள், அதைப் போய்ச் சேகரிக்க வேண்டும் என்று வொர்க் யோசனை சொன்னார். அந்த யோசனை வளர்ந்து, வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல் நிலையமும் பிஸ்க் கலாசாலையும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சியாக உருவெடுத்தது. நூல் நிலையத்தின் சார்பில் வந்தவர் ஆலன் லோமாக்ஸ் என்னும் பிரசித்தி பெற்ற பாட்டுச் சேகரிப்பாளர். 1941-லும் 1942-லும் மிஸிஸிப்பி டெல்டாப் பிரதேசத்தில், கொஹோமா ஜில்லாவில், தோட்டம் தோட்டமாகச் சென்றார்கள். மோட்டார் வண்டியில் கனமான ஒலிப்பதிவு யந்திரம். 1941 ஆகஸ்டில் ஸ்டோவால் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக் கொண்டிருந்த மக்கின்லி மார்கன்பீல்ட் என்னும் வாலிபரின் பாட்டைத் தட்டில் பிடித்தார்கள். தம் குரலைத் தாமே தட்டில் கேட்ட பிறகு அந்த வாலிபருக்குத் தன்னம்பிக்கை பிறந்தது. 1943-இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். 'மட்டி வாட்டர்ஸ்' என்று உலகம் பின்னால் கொண்டாடியது அவரைத்தான்.

வொர்க் திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டுகளைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளை ஸ்வரப்படுத்தி, விளக்கமும் எழுதினார். கையெழுத்துப் பிரதி அனுப்பப்பட்டது. பிறகு அது காணாமற் போயிற்று. யுத்த காலம், காரியாலயத்துக்குக் காரியாலயம் காகிதம் போகும் காலம். யார் மேஜையில் தங்கியது, எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்று தெரியவில்லை. 1967-இல் வொர்க் காலமானார். தம் உழைப்பு அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. லோமாக்ஸ் 1993-இல் டெல்டாப் பிரதேசத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டுப் பரிசும் பெற்றார். அதில் வொர்க்கின் பங்கு சொற்பமாகவே காணப்பட்டது. கடைசியில் அந்தப் பிரதி லோமாக்ஸின் சேகரிப்புக்குள்ளேயே அகப்பட்டது! 2005-இல், எழுதி அறுபது வருஷத்துக்குப் பிறகு, 'லாஸ்ட் டெல்டா பவுண்ட்' என்ற பெயரில் அச்சாகியது.

லோமாக்ஸ் செய்த தொண்டைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கம் அன்று. அவர் இல்லாவிட்டால் ஆயிரக் கணக்கான பாட்டுகள் காற்றோடு போயிருக்கும். ஆனாலும், ஒரு ஜனங்களின் பாட்டை அதே ஜனங்களில் ஒருவர் கேட்டு எழுதியதற்கும், வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்டு எழுதியதற்கும் வேற்றுமை இருக்கத்தான் செய்கிறது. வொர்க்கின் குறிப்புகளில் பழமை என்று பிரித்து வைக்கும் ஆசை இல்லை. மாதா கோவிலில் அப்போது புதிதாக வந்து கொண்டிருந்த பாட்டையும் அதே அக்கறையுடன் குறித்திருக்கிறார்.

பாரத தேசத்துக்கும் இந்தப் பாட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1936 பிப்ரவரியில் ஹோவர்ட் தர்மன் என்னும் கறுப்புப் பேராசிரியரும் அவர் மனைவி ஸூ பெய்லி தர்மனும் பர்தோலியில் மகாத்மாவைச் சந்தித்தார்கள். மகாத்மா அவர்களைப் பாடச் சொன்னார். ஸூ பெய்லி அம்மாள் இரண்டு அடிமைப் பாட்டுகளைப் பாடினார். அஹிம்சையின் கலப்பற்ற செய்தி ஒருவேளை அமெரிக்கக் கறுப்பு மக்கள் மூலமாகவே உலகத்துக்குக் கிடைக்கக்கூடும் என்று மகாத்மா அன்று சொன்னார். இருபத்து நான்கு வருஷம் கழிந்தது. நாகபுரியில் மூன்று வருஷம் ஆசிரியராக இருந்து காந்திய முறையைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாஸன் என்னும் இளைஞர் இதே நாஷ்வில்லில் மாணவர்களுக்குச் சத்தியாக்கிரகப் பயிற்சி அளித்தார். 1960 பிப்ரவரியில் பிஸ்க் மாணவி டயான் நாஷ் முதலியோர், கறுப்பர்களுக்கு உணவு மறுத்த கடைகளில் சென்று அமைதியாக உட்கார்ந்தார்கள். அடி விழுந்தது, சிறை கிடைத்தது. சிறையில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் பாட்டிமார்களின் பழைய பாட்டுகளே. மே மாதத்தில் கடைகள் திறந்துவிடப்பட்டன.

அக்டோபர் 6-ஆம் தேதி ஒவ்வொரு வருஷமும் இங்கே ஜூபிலி தினம். நாம் சென்றதும் அந்த நாளை உத்தேசித்துத்தான். அன்று பாடகர்கள் பழைய பாடகர்களின் சமாதிகளுக்குச் செல்கிறார்கள். எல்லா ஷெப்பர்ட் உறங்கும் பழைய நகர மயானத்தில், கறுப்பு உடை தரித்த இளைஞர்களும் பெண்களும் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினார்கள். ஆரம்பம் காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு மெதுவாக இருந்தது. ஒயிட் பழக்கிவிட்ட அந்த மெல்லிய குரல் ஒன்றரை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது. 1994 முதல் 2022-இல் தாம் காலமாகும் வரை இவர்களைப் பழக்கிய பால் குவாமி, ஆப்பிரிக்காவில் கானா தேசத்திலிருந்து மாணவராக வந்தவர். அடிமைக் கப்பல் ஏறிப் போன பாட்டைக் காப்பாற்ற அதே கடற்கரையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார் என்பதை என்னவென்று சொல்வது!

பாட்டு முடிந்து திரும்பும் வழியில் கோஷ்டியைச் சேர்ந்த ஒரு வாலிபருடன் பேச நேர்ந்தது. அலபாமாக்காரர். "இந்தப் பாட்டெல்லாம் உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்களே?" என்றோம்.

அவர் சிரித்தார். "கேட்டிருக்கிறேன், ஐயா. அதுதான் சங்கடம். போன விடுமுறையில் ஊருக்குப் போய், இங்கே கற்றபடி சுத்தமாக ஒரு பாட்டைப் பாடிக் காட்டினேன். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, 'நன்றாயிருக்கிறது, குழந்தை. ஆனால் அது அப்படி இல்லை' என்று சொல்லிவிட்டாள்."

"பிறகு?"

"பிறகு அவளே பாடினாள். எழுதலாம் என்று பார்த்தேன். ஓர் இடத்தில் குரல் இரண்டு ஸ்வரத்துக்கும் நடுவில் போய் நிற்கிறது. எந்தக் கோட்டில் எழுதுவது?"

கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதில் பாட்டியின் குரல் பதிவாகியிருந்தது. பின்னணியில் எங்கேயோ கோழி கூவியது. யாரோ கதவைச் சாத்தினார்கள். கிழவியின் குரல் கரகரத்து எழும்பி, அவர் சொன்ன இடத்துக்கு வந்ததும், ஒரு ஸ்வரத்திலும் சேராமல் சற்று நின்று, இறங்கியது. வாலிபர் அந்த இடத்தை மட்டும் மறுபடியும் வைத்தார். இன்னொரு முறையும் வைத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் எப்படியும் எழுதி முடித்துவிடப் போவதாகச் சொன்னார்.